கறுப்புத் திரையில் 30 விநாடி

நேற்று இரவு வீட்டுப் பழைய மடிக்கணினியில் பவர் பட்டனை அழுத்திய 24-ஆம் விநாடியில் பிரவுசர் திறந்தது. 31-ஆம் விநாடியில் அப்பா பார்க்கும் கப்பல் வரைபடம் முழுசாக வந்து நின்றது. நான்கு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், அதே கணக்குதான். மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டியதால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

மெஷின், தங்கைக்கு 2012-இல் பிளஸ் டூவில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி. டூயல் கோர் பென்டியம், 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அன்றைக்கு அதில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் நம்ம சென்னையில், மத்திய அரசின் சி-டாக் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. தங்கை கல்யாணமாகிப் போனதிலிருந்து பெட்டி பரணில் கிடந்தது.

இப்போது அது அப்பாவுக்கு. ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். காலையில் காபிக்கு முன்னாடியே வெளியே எத்தனை கப்பல் நங்கூரம் போட்டிருக்கிறது, எண்ணூர் பக்கம் எது போகிறது என்று பார்த்தாக வேண்டும். கப்பல்கள் ஏஐஎஸ் ரேடியோவில் தங்கள் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதை வாங்கி வரைபடத்தில் போடும் தளங்கள் இருக்கின்றன. போனில் அந்தப் பொடி முக்கோணங்கள் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பூட் ஆகும் நேரத்தை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டேன் என்றால், பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அதனால் மூடிவைத்துத் தூங்கவிடுகிற வழியே இல்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் கரண்ட் போனாலும் சரி, அம்மா மிக்சிக்காக பிளக்கைப் பிடுங்கினாலும் சரி, முதலிலிருந்துதான் கிளம்ப வேண்டும். பழைய விண்டோஸில் வரைபடம் வர 4 நிமிடம் ஆனது. "இன்னாடா, இன்னும் சுத்தினே கீது?" என்று அப்பா இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள் கேட்கவே இல்லை, போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதுதான் எனக்கு உறுத்தியது.

முதல் வேலையாக மெட்ரோ பிடித்து அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட். 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, செகண்ட் ஹேண்டில் 2 ஜிபி டிடிஆர்3 ராம் ஒன்று. பழைய ராம் வாங்கப் போகிறவர்கள் உங்கள் குச்சியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். நான் போன கடைக்கார அண்ணா அதையும் இதையும் சேர்த்து ஒரு லேப்டாப்பில் போட்டு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்கினார். அந்தப் பொறுமைக்காகவே அடுத்த தடவையும் அங்கேதான்.

அப்புறம் ஓஎஸ். பழைய கம்ப்யூட்டர்களுக்காக கூகுள் தரும் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் 4 ஜிபி கேட்கிறது, ராம் போட்ட பிறகு அது சரிதான். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் புக்மார்க் தங்க ஒரு கூகுள் கணக்கு வேண்டும் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. பப்பி என்ற குட்டி லினக்ஸ் எனக்கு ரொம்பப் பழைய சிநேகம். மொத்தமும் ராமில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அந்த வேகத்துக்கு ஈடே கிடையாது. இந்த வீட்டுக்கு அது ஆகாது. அது ராமில் வைத்திருப்பதை சேவ் செய்வதற்குள் பிளக் போனால், அதுவரை செய்த மாற்றங்களும் போச்சு. அப்பா சேர்த்துவைத்த புக்மார்க் இரண்டு முறை காணாமல் போனது.

மிச்சம் இரண்டு லினக்ஸ். டெபியன் 13-ஐ டெஸ்க்டாப் எதுவும் இல்லாமல் நிறுவி, மேலே ஓப்பன்பாக்ஸ் என்ற லேசான விண்டோ மேனேஜரும் ஃபயர்ஃபாக்ஸ் ஈஎஸ்ஆர் பிரவுசரும் போட்டேன். பக்கத்துப் பார்ட்டிஷனில் ஆன்டிஎக்ஸ் 23. பட்டனிலிருந்து வரைபடம் வரை ஆன்டிஎக்ஸ் 33 விநாடி. டெபியன் 68.

பூட்டில் சர்வீஸ்களைக் கிளப்பிவிடும் சிஸ்டம்டி கனம், ஆன்டிஎக்ஸில் அது இல்லை, அதனால்தான் இந்த வித்தியாசம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஒரே டிஸ்க், ஒரே ராம், 35 விநாடி வித்தியாசம்! எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆன்டிஎக்ஸ் போடுவதற்கு முன்னால் டெபியன் இப்படி இழுக்கவில்லை என்றும் ஒரு நினைவு இருந்தது.

பூட்டில் எது எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும் சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் போட்டால், நெட் வரக் காத்திருக்கும் நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன் 6 விநாடியோடு முதல் வரியில் நின்றது. நிறுத்தினேன். கடிகாரத்தில் ஒரு விநாடிகூடக் குறையவில்லை. அந்தப் பட்டியல் ஒவ்வொரு சர்வீஸும் எடுத்த நேரத்தைத்தான் சொல்லும். அதற்காக வேறு யாராவது காத்திருந்தார்களா என்று சொல்லாது. ஓப்பன்பாக்ஸ் அதற்காகக் காத்திருக்கவே இல்லை. இப்படி ஒவ்வொரு சர்வீஸாக அணைத்து அணைத்து ஒரு வாரம் போனது.

பிறகுதான் பிளேம் இல்லாமல் வெறும் சிஸ்டம்டி-அனலைஸ் காட்டும் ஒற்றை வரியை ஒழுங்காகப் படித்தேன். சர்வீஸ்களெல்லாம் கிளம்பும் யூசர்ஸ்பேஸ் 11 விநாடி, அதற்கு முன்னால் ஏறும் ஓஎஸ்ஸின் மையமான கெர்னல் 34. எஸ்எஸ்டி இருக்கும் மெஷினில் கெர்னலுக்கு 34 விநாடி என்ன வேலை? டிஸ்க்கைக் கண்டுபிடித்து மாட்டுவதற்காகக் கெர்னலோடு முதலில் ஏறும் குட்டி இமேஜ்தான் இனிட்ராம்எஃப்எஸ். டெபியனில் அது எடுக்கும் நேரமும் அந்தக் கெர்னல் கணக்கில்தான் சேரும், பிளேம் பட்டியலில் அந்த நேரம் எட்டியே பார்க்காது. எந்த ஓஎஸ் என்று கேட்கும் க்ரப் மெனுவில் 'e' விசையை அழுத்தி, பூட் செய்திகளை மறைக்கும் கொயட் (quiet) என்ற சொல்லை எடுத்துவிட்டு பூட் செய்தேன். எழுத்துகள் சரசரவென்று ஓடி ஓர் இடத்தில் நின்றன. கர்சர் மட்டும் கண் சிமிட்டுகிறது. போனில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டிவிட்டு வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். 30 ஆனதும், சஸ்பெண்ட்-ரெஸ்யூம் டிவைசுக்காகக் காத்திருந்தது போதும் என்று ஒரு வரி வந்தது. அடுத்த நொடி மற்றதெல்லாம் கொட்டியது.

சங்கதி இதுதான். ஆன்டிஎக்ஸ் நிறுவும்போது ராம் போதாதபோது உதவும் ஸ்வாப் பார்ட்டிஷனை மறுபடி ஃபார்மேட் செய்தேன், அதன் அடையாள எண்ணான யூயூஐடி மாறிவிட்டது. எந்தப் பார்ட்டிஷனை எங்கே மாட்டுவது என்ற பட்டியலான எஃப்ஸ்டேப்பில் பழைய எண் இருந்ததால் டெபியன் ஒன்றரை நிமிடம் நின்றது, அதை அன்றைக்கே பிஎல்கேஐடி கட்டளையில் புது எண்ணைப் பார்த்துத் திருத்திவிட்டேன். ஆனால் அதே பழைய எண் இன்னோர் இடத்திலும் இருக்கிறது: ஈடிசி ஃபோல்டரில் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ், அதற்குள் கான்ஃப்-டி, அதற்குள் ரெஸ்யூம் என்ற ஒற்றை வரிக் கோப்பு. ஹைபர்னேட் ஆன, அதாவது ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைந்த, பெட்டியை எழுப்ப எந்த ஸ்வாப்பைப் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். இல்லாத ஸ்வாப்பைத் தேடி ஒவ்வொரு பூட்டிலும் 30 விநாடி நின்றிருக்கிறது. பேட்டரியே இல்லாத பெட்டியில் ஹைபர்னேட் எதற்கு? ரெஸ்யூம் சமக்குறிக்குப் பிறகு இருந்ததை எடுத்துவிட்டு நன் (none) என்று எழுதி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ கொடுத்தேன். இந்தக் கட்டளையை மறந்தால் கோப்பைத் திருத்தியும் பலன் இருக்காது, பழைய இமேஜ்தான் ஏறும்.

68 ஒரே அடியில் 38 ஆனது. க்ரப் மெனுவை 5-லிருந்து 1 விநாடிக்குக் குறைத்து, லாகின் திரை காட்டும் லைட்டிஎம்மைத் தூக்கிவிட்டு, பாஸ்வேர்டு கேட்காத கெட்டி ஆட்டோலாகினிலிருந்து நேராக ஓப்பன்பாக்ஸைக் கிளப்பும் ஸ்டார்ட்எக்ஸ் வைத்ததில் 31. ஆக, டெபியனா ஆன்டிஎக்ஸா என்பது இந்த மெஷினில் 2 விநாடிச் சமாச்சாரம். ஆபீசில் நாள் முழுக்க டெபியனோடு இருப்பவன் என்பதால் அதையே வைத்துக்கொண்டேன். ஸ்வாப்பை எடுத்துவிட்டு, ராமுக்குள்ளேயே சுருக்கிவைக்கும் இசட்ராம் போட்டாயிற்று.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. பிரவுசர் சில சமயம் வைஃபையை முந்திக்கொண்டு வந்து, தளத்தைக் காணோம் என்றது. அதனால் முதல் பக்கத்தை டிஸ்க்கிலேயே ஒரு எச்டிஎம்எல் கோப்பாக வைத்தேன். கப்பல், பேப்பர், கரண்ட் பில் என்று உள்ளங்கை அகலத்தில் மூன்று பெட்டிகள். அப்பா மவுசைத் தேடிப் பிடிப்பதற்குள் வைஃபை வந்துவிடும். முதல் தடவை தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. லோஹித் தமிழ் எழுத்துரு போட்டதும் சரியானது. கரண்ட் போய் வந்தால் பழைய டேப்களை மீட்கவா என்று ஃபயர்ஃபாக்ஸ் கேட்பதையும் அதன் உள் அமைப்புப் பக்கமான அபவுட்-கான்ஃபிகில் அணைத்துவிட்டேன்.

தமிழ்99 விசைப்பலகை இன்னும் வைக்கவில்லை. தட்டச்சுக்கான ஐபஸ் எம்17என் மென்பொருளில் ஏற்றிப் பார்க்க வேண்டும், அது பூட்டில் எத்தனை விநாடி தின்னும் என்று தெரிந்த பிறகுதான் நிரந்தரமாக வைப்பேன். அதற்குள் மூலக்கடை நண்பர் தன் பழைய ஆட்டம் நெட்புக்கைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், 1 ஜிபி ராம், 32-பிட். டெபியன் 13-ஐ 32-பிட்டில் நிறுவ முடியாது, அதனால் அதற்கு ஆன்டிஎக்ஸ் 23-இன் 32-பிட் பதிப்புதான். கழற்றிய 320 ஜிபி டிஸ்க்கை டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் கேடி (டிஸ்க்கைத் தாங்கும் சட்டம்) வைத்து மாட்டவும் ஆசை, கேடி தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை நான் எழுந்தபோது அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வெளியே ஒன்பது நிற்கிறதாம், அதில் ஒன்று நேற்று ராத்திரி வந்ததாம்.