மூன்றாம் வகுப்பு, குரலில்லாமல்

ஜூலை 8
நான் இன்றும் பேசக் கூடாது, தொண்டைக்கு ஓய்வு வேண்டுமாம். கிசுகிசுக்கவும் கூடாதாம்.

ஜூலை 9
“நேற்று மாலை என்ன செய்தாய்?” என்று கரும்பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் உடனே பென்சிலை எடுக்கவில்லை. பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னார்கள், கையை ஆட்டிச் சொன்னார்கள், அதன் பிறகே குனிந்தார்கள். சத்தம் தாழ்வாரம் வரை போயிருக்கும், போகட்டும். வாக்கியத்தை ஒருமுறை வாயால் முழுதாகச் சொல்லிப் பார்த்த பிள்ளை அதைத் தாளிலும் முடித்துவிடுகிறது. சொல்லிப் பார்க்காத பிள்ளைக்கு, முதல் சொல்லை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் மீதி மறந்துவிடுகிறது.

க. என்ற பையன் எழுதவில்லை.

ஜூலை 10
சொல்வதெழுதுதல் நடத்த வழியில்லை. படம் காட்டி எழுதச் சொன்னேன். ‘கொக்கு’. பாதிப் பேர் முதலில் ‘க’ எழுதி, காலும் போட்டுவிட்டு, கொம்புக்கு இடமில்லாமல் விழிக்கிறார்கள். காதில் முதலில் விழுவது ‘க்’. கை முதலில் எழுத வேண்டியதோ கொம்பு. கெ, கே, கை, கோ எல்லாவற்றிலும் இதே சிக்கல். 247 எழுத்துகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையும் இங்கே தடுமாறும். இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழிப்பவர்களை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. காதால் கேட்டதை ஒழுங்காக எழுதியதற்கா தண்டனை?

தொண்டை எரிகிறது.

ஜூலை 11
க. நோட்டில் தேதி மட்டும்.

ஜூலை 14
ஒரு சிறுமி ‘யானை’யில் பழைய ‘னை’ போட்டிருக்கிறாள், தும்பிக்கையோடு. 1978 சீர்திருத்தத்தில் போன வடிவம். பாட்டி எழுதிக்காட்டினாராம். அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை. பக்கத்தில் இப்போதைய வடிவத்தை எழுதிவைத்தேன்.

ஜூலை 15
குரல் திரும்பாவிட்டால்? இரவெல்லாம் இதேதான். கதை எப்படிச் சொல்வேன்? ஒரு பிள்ளை எழுதியதை வகுப்புக்கு உரக்க வாசித்துக் காட்டுவேனே, அந்தப் பிள்ளையின் முகம் மலருமே, அதை இனி யார் செய்வார்கள்? தான் எழுதியது இன்னொருவர் வாயில் ஒலிப்பதைக் கேட்டால்தான் அடுத்த பக்கத்தைத் திருப்பத் தோன்றும். பிழை திருத்த எத்தனையோ பேர் வருவார்கள்.

ஜூலை 16
மேசையில் ஒரு துண்டுச்சீட்டு: “டீச்சர் உங்களுக்கு வளிக்கிறதா”. அதன் கீழேயே எழுதினேன்: “கொஞ்சம் வலிக்கிறது. இரவில் அதிகம் வலிக்கிறது.” மதியம் திரும்பி வந்தது: “எனக்கும் பல் வலிக்கிறது”. லகரத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஜூலை 17
சீட்டுகள் குவிகின்றன. எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். விரல்கள் வலிக்கின்றன, மனம் நிறைந்திருக்கிறது.

நோட்டுகளில் திருத்தம் போதவில்லை என்று அலுவலக அறையில் சொன்னார்கள். பதில் சொல்லக் குரலில்லை.

ஜூலை 18
க.! “அவன என பெனசிலை எடுததுவிடடான”.

ஒரு புள்ளிகூட இல்லை. மற்றதெல்லாம் இருக்கிறது: யார், எதை, என்ன செய்தான். முதலில் பென்சிலை வாங்கிக் கொடுத்தேன். பிறகு “உன் பென்சில் கிடைத்துவிட்டதா?” என்று புள்ளிகளைச் சற்று அழுத்தி வைத்து எழுதினேன். நெடுநேரம் பார்த்தான். “ஆம்” என்று எழுதினான். புள்ளியோடு.

ஜூலை 21
தொண்டைப் பரிசோதனை நாளைக்குத் தள்ளிப்போயிற்று. பயமாக இருக்கிறது.

க. இன்று மூன்று வரி. அதுவும் புகார்தான். நடுவில் ‘ஏனென்றால்’ வந்திருக்கிறது; யாரும் சொல்லித் தரவில்லை. அந்தச் சொல்லைப் பிடித்தே பதில் எழுத வேண்டும், நாளை காலை கிளம்பும் முன்பே கொடுத்துவிட வேண்டும்.