புல்லுக்கு அடியில் இருக்கும் வேலை

ஒரு பெரிய வளாகத்தின் தோட்டப் பராமரிப்புப் பிரிவில் 9 ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்துவிட்டு, பழைய புல்வெட்டும் இயந்திரம் ஒன்றையும் இரண்டு மண்வெட்டிகளையும் நம்பித் தனியாகத் தொழில் தொடங்கினேன். எனக்குக் கிடைத்த முதல் ஒப்பந்தம், புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் முன்புறத்தில் 200 சதுர மீட்டருக்குப் புல்தரை அமைக்கும் வேலை. அதற்கு நான் கொடுத்த மதிப்பீடு அன்று மாலையே ஒப்புக்கொள்ளப்பட்டது. அப்போது மகிழ்ச்சியாக இருந்தது. வாடிக்கையாளர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு தொகைக்குச் சம்மதித்தால், நாம் எதையோ கணக்கில் விட்டிருக்கிறோம் என்று பெரும்பாலும் பொருள் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

புல், தொழுவுரம், இரண்டு ஆட்களுக்கு நான்கு நாள் கூலி, எனக்கு ஒரு லாபம் ஆகியவற்றைக் கூட்டி அந்தத் தொகையைப் போட்டிருந்தேன். வளாகத்தில் வேலை பார்த்த காலத்தில் மண்ணைப் பற்றி நான் யோசிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. அங்கே பல ஆண்டுகளாகப் பண்பட்டுக் கிடந்த நிலம் இருந்தது. நாங்கள் அதன்மேல் வேலை செய்தோம். இந்த வீட்டின் முன்புறத்திலோ கட்டுமானத்தின்போது லாரிகள் வந்துபோய் மண் இறுகிக் கிடந்தது. உடைந்த செங்கல்லும் காய்ந்த சிமென்டுக் கட்டிகளும் மேலாக மூடப்பட்டிருந்தன. மேற்பரப்பைக் கொத்திக் கிளறி, உரம் தூவி, புல் பத்தைகளை வரிசையாக விரித்து, ரோலர் உருட்டி, தண்ணீர் காட்டிவிட்டுக் கிளம்பினோம். ஆறு வாரம் அது பச்சைப் பசேலென்று இருந்தது.

பிறகு ஒரு நல்ல மழை பெய்தது. வாசற்படிக்கு அருகில் தேங்கிய நீர் இரண்டு நாள் வடியவில்லை. அடுத்த வாரம் அந்த இடத்தில் புல் மஞ்சளித்தது. அழைப்பு வந்ததும் போய், ஓரத்தில் கைவிட்டு ஒரு பத்தையைத் தூக்கினேன். பாயைச் சுருட்டுவதுபோல எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்தது. அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருந்தது. புளித்த வாடை அடித்தது. நான்கு விரற்கடை ஆழத்துக்கு இறங்கிய வேர்கள், அதற்குக் கீழே கடினமான அடுக்கைத் தொட்டதும், போக வழியின்றிப் பக்கவாட்டில் திரும்பித் தட்டையாகப் படர்ந்திருந்தன. அந்த வீட்டு அம்மா என் அருகில் நின்று, "தம்பி, மேலே பார்க்க நன்றாகத்தானே இருந்தது?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரிந்துகொள்ளத்தான் கேட்டார். மேலே மட்டும் வேலை செய்திருக்கிறேன் என்பதை அவரிடம் அப்படியே ஒப்புக்கொண்டேன்.

என் செலவிலேயே மறுபடியும் செய்து கொடுத்தேன். புல்லை எடுத்து நிழலில் ஈரச் சாக்கு போர்த்தி வைத்துவிட்டு, 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணைக் கடப்பாரையால் உடைத்து, இடிபாடுகளைச் சலித்து அகற்றினோம். வீட்டுச் சுவரிலிருந்து வெளிநோக்கி ஒவ்வொரு மீட்டருக்கும் 2 சென்டிமீட்டர் சரிவு வருமாறு முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி மட்டம் பார்த்தோம். அதன்மேல் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு நல்ல மண் பரப்ப வேண்டியிருந்தது. 200 சதுர மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் என்றால் 20 கன மீட்டர் மண். காகிதத்தில் ஒரே வரியில் முடிந்துவிடும் இந்தப் பெருக்கலை முதல் நாளே செய்திருந்தால், நான் கொடுத்த தொகை மண்ணுக்கே போதாது என்பது தெரிந்திருக்கும். அடுத்த மூன்று மாத வருமானத்தில் என் கைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

இந்தத் தொழிலில் இறங்க விரும்புவோர் என்னிடம் பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றியும் வாடிக்கையாளர்களைப் பிடிப்பதைப் பற்றியுமே கேட்கிறார்கள். நான் மதிப்பீடு எழுதுவதைப் பற்றித்தான் பேசுகிறேன். நாம் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாதது. மதிப்பீட்டில் எழுதப்படாத வேலை ஒன்று செய்யப்படாமல் போகிறது, அல்லது நம் கைக்காசில் செய்யப்படுகிறது. இதற்கு மூன்றாவது வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு எந்த வேலைக்கு இடம் பார்க்கப் போனாலும் கடப்பாரையும் ஒரு வாளியும் என்னுடன் வரும். மூன்று இடங்களில் முழங்கை ஆழத்துக்குக் குழி எடுத்து, நீர் நிரப்பி, அது வடிந்ததும் மீண்டும் நிரப்பி, இரண்டாம் முறை வடிவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்கிறேன். முதல் முறை காய்ந்த மண் வேகமாக உறிஞ்சிவிடும் என்பதால் அந்தக் கணக்கை நம்புவதில்லை. இதை வாடிக்கையாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்கிறேன். தம் வீட்டு மண்ணில் ஒரு வாளித் தண்ணீர் அரை நாளாகியும் அப்படியே நிற்பதைக் கண்ணால் பார்த்தவர், மண் வேலைக்கு ஏன் தனித்தொகை என்று கேட்பதில்லை. பேசிப் புரியவைக்க முடியாததை அந்தக் குழி புரியவைத்துவிடுகிறது.

எந்தப் புல் என்பதிலும் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. அருகு வகைப் புற்களுக்கு நல்ல வெயில் வேண்டும். மரநிழலில் அவை நாளடைவில் மெலிந்து போகும். கொரியன் புல் அடர்த்தியாக அழகாக இருக்கும். ஆனால் மிக மெதுவாகப் படரும், காயம் பட்ட இடம் மூடவும் நாளாகும். ஓரளவு நிழலை அகன்ற இலையுள்ள பஃபலோ புல் தாங்கும். அடர்ந்த மரத்தடியில் எந்தப் புல்லும் சரியாக வராது. அங்கே நிழல் தாங்கும் செடிகளோ சருகு மூடாக்கோதான் பொருத்தம். இதைச் சொன்னதால் இரண்டு வேலைகள் வேறொருவருக்குப் போயின. அவற்றை இழந்ததில் எனக்கு வருத்தமில்லை.

புல்தரை அமைப்பதில் ஒரே முறை பணம் வருகிறது. தொழில் நிலைப்பது பராமரிப்பில்தான். அங்கேயும் கண்ணுக்குத் தெரியாத வேலை உண்டு. ஒரு முறை வெட்டும்போது புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. புல் தன் உணவை இலையில்தான் தயாரிக்கிறது. இலையை மொட்டையடித்தால் அது வேரை வளர்ப்பதை நிறுத்திவிட்டு இழந்த இலையை மீட்கத் தன் சேமிப்பைச் செலவழிக்கிறது, அந்த இடைவெளியில் வெயில் தரையைத் தொட்டுக் களை விதைகள் முளைக்கின்றன. 4 சென்டிமீட்டரில் வைத்திருக்க விரும்பும் புல்லை 6 சென்டிமீட்டரை எட்டும்போது வெட்டிவிட வேண்டும். வளரும் காலத்தில் அது வாரம் ஒரு முறை என்று அமையும். மாதம் ஒரு முறை வந்து ஒட்ட வெட்டிவிட்டுப் போங்கள் என்று கேட்டவர்களிடம், அதைவிட வராமலிருப்பது மேல் என்று சொல்லியிருக்கிறேன். தொடக்கத்தில் அப்படிச் சொல்லத் துணிவில்லாமல் ஒப்புக்கொண்ட இரண்டு இடங்களிலும் பழுப்பேறிய புல்லுக்கு நானே பொறுப்பாளி ஆனேன்.

கத்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1830-இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேற்பரப்பிலுள்ள பிசிறுகளைச் சீராக நறுக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துத்தான் முதல் புல்வெட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். உருளையில் பொருத்திய அலகுகள் நிலையான ஓர் அலகின்மேல் உரசிப் புல்லைக் கத்தரிக்கோல்போல் வெட்டும் முறை அது. இன்று நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்துவது சுழலும் ஒற்றைக் கத்தி. அது கத்தரிப்பதில்லை, வேகத்தால் அடித்து அறுக்கிறது. அதனால் அதன் கூர் மழுங்கினால் புல் வெட்டுப்படாமல் கிழிகிறது. வெட்டிய அன்று வித்தியாசம் தெரியாது. இரண்டு நாள் கழித்து நுனிகளெல்லாம் வெளுத்து, தரை முழுக்க ஒரு பழுப்புப் படலம் விரிந்ததுபோல் இருக்கும். குனிந்து ஓர் இலையைப் பறித்துப் பார்த்தால் நுனியில் நார்நாராகப் பிசிறு தெரியும்.

20 முதல் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை நான் கத்தியைக் கழற்றிச் சாணை பிடிக்கிறேன். முதலில் ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். இதில் ஒரு நாளும் விலக்கு இல்லை. சாணை பிடித்த கத்தியை நடுத்துளை வழியாகச் சுவரிலுள்ள ஆணியில் மாட்டிக் கிடைமட்டமாக வைத்துக் கையை எடுப்பேன். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் இன்னும் கனமாக இருக்கிறது; அந்த நுனியை மேலும் சிறிது அரத்தால் தேய்த்து மறுபடி மாட்டுவேன். இரண்டு பக்கமும் அசையாமல் நிற்கும் வரை இது தொடரும். சமன் இல்லாத கத்தி இயந்திரத்தை அதிரவைத்து, நாளடைவில் பேரிங்கையும் தண்டையும் கெடுத்துவிடும். இந்த அரைமணி நேரத்தை எந்த வாடிக்கையாளரும் பார்ப்பதில்லை. ஆனால் ஒவ்வொருவரின் புல்நுனியிலும் அது இருக்கிறது.

இப்படிப்பட்ட அரைமணிகளை முதலாண்டில் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. வேலை நிறைய இருந்தும் கையில் பணம் நிற்காதது ஏன் என்று புரியாமல், ஒரு மாதம் முழுவதும் சட்டைப்பையில் சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டு ஒவ்வொரு மணியும் எங்கே போகிறது என்று எழுதினேன். 9 மணி நேர நாளில் இயந்திரம் ஓடியது நாலரை மணிக்கும் குறைவு. மீதி நேரம் பயணம், ஏற்றி இறக்குவது, வெட்டிய புல்லை அள்ளுவது, நடைபாதையைப் பெருக்குவது, எரிபொருள் நிரப்புவது, சுத்தம் செய்வது, தொலைபேசியில் பேசுவது ஆகியவற்றில் கழிந்திருந்தது. நான் கூலி கேட்டதோ இயந்திரம் ஓடிய நேரத்துக்கு மட்டும். இயந்திரத்தின் தேய்மானத்தையும் சேர்த்தால், சில வீடுகளுக்கு நான் என் கைப்பணத்தைக் கொடுத்து வேலை செய்திருக்கிறேன் என்று தெரிந்தது.

கட்டணத்தை உயர்த்தியதைவிட, வாடிக்கையாளர்களை இடவாரியாகச் சேர்த்ததே அதிகம் உதவியது. ஒரே தெருவில் நான்கு வீடுகள் இருந்தால் ஏற்றி இறக்குவது ஒரு முறைதான். தொலைவிலிருந்த இரண்டு நல்ல வாடிக்கையாளர்களிடம் நிலைமையை விளக்கி விலகிக்கொண்டபோது மனம் கனத்தது. வெட்டிய துணுக்குகளையும் எல்லா இடத்திலும் அள்ளாமல், சிறிதாக இருக்கும்போது புல்லிலேயே விட்டுவிடத் தொடங்கினோம். அவை விரைவில் மட்கி, புல்லுக்கு வேண்டிய தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஏறத்தாழ கால் பங்கு வரை திருப்பித் தருகின்றன. குப்பை என்று நினைப்பவர்களுக்கு இதையும் முன்கூட்டியே எழுதித் தருகிறேன்.

உடன் வேலை செய்பவர்களின் பாதுகாப்பு எனக்கு மிக முக்கியம். ஒரு முறை கத்தியில் சிக்கிய கூழாங்கல் தெறித்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. அந்தக் கல் போன வழியில் சற்று முன்புதான் எங்களுடன் வேலை செய்யும் பையன் நின்றிருந்தான். அன்றிலிருந்து இயந்திரத்தைத் தொடங்கும் முன் தரை முழுவதையும் ஒரு முறை நடந்து பார்த்துக் கல், கம்பி, குச்சிகளைப் பொறுக்குவது கட்டாயம்; கண்ணாடியும் காதுறையும் மூடிய காலணியும் இல்லாமல் யாரும் இயந்திரத்தைத் தொடுவதில்லை. அவசரத்தில் ஏற்பட்ட தவறுகள் வேறும் உண்டு. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. 100 சதுர மீட்டருக்கு ஒரு கிலோ அளவே போதுமானது, அதையும் தூவிய உடனே நீர் விட்டுக் கரைக்க வேண்டும். ஒரு மாலை இருட்டும் நேரத்தில் கையால் அள்ளி வீசிவிட்டு நீரைக் காலையில் விடலாம் என்று வந்துவிட்டோம். மூன்றாம் நாள், கை வீசிய திசையெல்லாம் அரைவட்ட அரைவட்டமாகப் புல் கருகியிருந்தது. "அண்ணா, என் கையே அங்கே தெரிகிறது" என்று தலைகுனிந்து நின்ற பையனிடம், காத்திருந்து நீர் விட நேரம் ஒதுக்காதவன் நான்தான் என்று சொன்னேன்.

மிக நீண்ட தகராறு கோரையால் வந்தது. நாங்கள் கொண்டுவந்த மண்ணில் கோரைக்கிழங்கு இருந்திருக்கிறது. ஒரு மாதத்தில் புல்லுக்கு மேலே அதன் வெளிர்பச்சைத் தாள்கள் எழுந்து நின்றன. கோரையைப் பிடுங்கினால் தாள் மட்டும் கையோடு வரும். மண்ணுக்குள் சங்கிலிபோல் தொடுத்திருக்கும் கிழங்குகளில் உறங்கிக் கிடந்தவை விழித்துக்கொள்ளும். அந்த இடத்தைச் சீராக்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. அந்த வாடிக்கையாளர் எங்களிடம் கடிந்துகொண்டது நியாயமே.

இப்போது மண் வாங்கும் முன், குவியலின் நான்கைந்து இடங்களிலிருந்து கையளவு எடுத்து, அகன்ற தட்டுகளில் பரப்பி, வெயில் படும் இடத்தில் வைத்து நாள்தோறும் நீர் தெளிக்கிறேன். இரண்டு வாரம் பொறுத்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் மேலே வந்துவிடும். கோரை தலைகாட்டினால் அந்த மண்ணை எடுப்பதில்லை. வேலை தொடங்க இரண்டு வாரம் தள்ளிப்போகும் என்பதையும் அதற்கான காரணத்தையும் மதிப்பீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன்.