மும்பை: மீட்டர் போடாத ஆட்டோவும் பதினொன்றரை மணிக் காட்சியும்

ஊர் திரும்பிய களைப்பு தீருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். முதலில் அந்த ஆட்டோக்காரர்கள் விஷயம்.

சென்னையிலிருந்து போகிற ரயில்களில் சில, குர்லா பக்கம் இருக்கும் லோக்மான்ய திலக் டெர்மினஸில் கொண்டுபோய் விடுகின்றன. ஒரு ராத்திரியும் பகலும் உட்கார்ந்து முதுகு விட்டுப்போய் வெளியே வந்தால், வாசலில் நிற்கிற ஆட்டோ ஒன்றுகூட மீட்டர் போடாது. நாங்கள் தங்கப்போகிற சயானுக்கு 350 ரூபாயாம். மும்பையில் ஆட்டோவுக்குக் குறைந்தபட்சக் கட்டணமே 26 ரூபாய்தான். அந்தத் தூரத்துக்கு நூறைச் சுற்றித்தான் வரும் என்று கூட்டிப்போக வந்திருந்த அத்தை மகன் சொன்னான். "மீட்டர் போடுங்க பாய்" என்று இந்தியில் அவன் கேட்டதும் அந்த ஆள் பதிலே சொல்லாமல் அடுத்த பயணியிடம் போய்விட்டார். இவ்வளவு அலட்சியம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு பெரிய ரோடு வரை நடந்தோம். அங்கே கைகாட்டிய முதல் வண்டியே ஒரு வார்த்தை பேசாமல் மீட்டரைப் போட்டது. மும்பை ஆட்டோக்காரர்கள் சில்லறைவரை சரியாகத் தருவார்கள் என்று கேள்விப்பட்டது உண்மைதான். ஸ்டேஷன் வாசலில் காத்திருப்பவர்களிடம் மட்டும் மாட்டாதீர்கள். இன்னொன்று, சயானையும் பாந்த்ராவையும் தாண்டித் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. அதற்கப்புறம் டாக்சி, பஸ், ரயில்தான்.

சயானில் லாட்ஜ் எடுத்ததற்குக் காரணம் பணம்தான். தாதருக்குத் தெற்கே போகப் போக அறை வாடகை ஏறிக்கொண்டே போகிறது. பக்கத்தில் தாராவி இருந்ததும் ஒரு காரணம்.

நம்மில் பலருக்கு மும்பை சினிமாவில் பார்த்த ஊர். தாராவி என்றாலே 1987-ல் வந்த 'நாயகன்' நினைவுக்கு வரும். அந்தப் படத்தின் தாராவிச் சந்துகளைத் தோட்டா தரணி சென்னையில் செட் போட்டுக் கட்டினார். கலை இயக்கத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. 2018-ல் வந்த 'காலா'வுக்கும் சென்னையில்தான் பெரிய தாராவி செட். தொண்ணூறடி ரோட்டில் ஒரு டீக்கடையில் நின்றபோது இதைச் சொன்னேன். கடைக்காரருக்குத் திருநெல்வேலி பூர்வீகம், தாத்தா காலத்தில் வந்த குடும்பம். "படத்துல எல்லாரும் கத்திய எடுத்துக்கிட்டே திரியுதாவ தம்பி. இங்க காலைல ஆறு மணிக்குத் தோல் பட்டறைக்குப் போறவன் ராத்திரிதான் திரும்புவான். அவனுக்குச் சண்டை போட ஏது நேரம்?" என்றார். அவர் சொன்னது அப்படியே கண்ணெதிரே தெரிந்தது. ஒரு சந்தில் பெல்ட் தைக்கிறார்கள், அடுத்ததில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கிறார்கள், குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவில் பானை காய்கிறது. காலி மூலை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

அன்றைக்கே தெற்கு மும்பையையும் சுற்றினோம். 1875-ல் தொடங்கிய பங்குச் சந்தையின் கட்டடத்தைத் தலால் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தோம், வாசல் காளையைப் படம் எடுத்தோம். அம்பானி வீட்டையும் பார்த்தோம். ஒரு குடும்பத்துக்கு 27 மாடி. எனக்கு அதைப் பார்த்துப் பிரமிப்பு வரவில்லை, கொஞ்சம் கோபம்தான் வந்தது. பாந்த்ராவில் ஷாருக் கான் வீட்டு வாசல் கேட்டைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தைப் பார்த்தபோது அந்தக் கோபம் வரவில்லை. அவர்களில் பலர் இரண்டு ரயில் மாறி வந்தவர்கள். அவர்கள் வாங்கிய டிக்கெட்டால் எழும்பிய வீடு அது.

நாள்வாரியாகச் செலவுக் கணக்குப் போட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் மராத்தா மந்திர் பற்றிச் சொல்லாமல் கை அடுத்ததற்கு நகர மறுக்கிறது.

மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிறது அந்தத் தியேட்டர். 1995 அக்டோபர் 20 அன்று வெளியான ஷாருக் கான் படம் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' இன்னும் அங்கே ஓடுகிறது. கொரோனாவில் தியேட்டர்களே மூடிக் கிடந்த மாதங்களை விட்டுவிட்டால், காலை பதினொன்றரை மணி ஆட்டம் அந்தப் படத்துக்குத்தான். மல்டிபிளெக்ஸில் ஒரு பாப்கார்ன் வாங்குகிற காசுக்கு இங்கே குடும்பத்தோடு பால்கனியில் உட்காரலாம்.

சுற்றுலாக்காரர்கள் வந்து படம் எடுத்துவிட்டுப் போகிற இடமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளே போனால் அப்படி இல்லை. எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் ரெக்சின் பையை மடியில் வைத்து, அதன் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். சாயங்காலம் குஜராத் போகிற ரயிலுக்கு வந்தவராம். ஸ்டேஷனில் படுத்திருப்பதைவிட இங்கே உட்காரலாமே என்று வந்துவிட்டார். முன்வரிசையில் ராத்திரி வேலை முடித்து யூனிஃபாரத்தோடு வந்த இரண்டு காவலாளிகள், அவர்களில் ஒருவர் பாதிப் படம் தூங்கினார். ஓரமாகக் கல்லூரி ஜோடிகள். கதாநாயகன் வாயைத் திறப்பதற்கு அரை நொடி முன்னாலேயே என் பக்கத்துக்காரர் வசனத்தைச் சொல்லிவிடுகிறார். அதுவும் உரக்க இல்லை, தனக்குள் ஜபம் மாதிரி. கடைசியில் ரயில் நகர, அப்பா மகளின் கையை விடுகிற காட்சி வந்ததும் தூங்கியவர் எழுந்துவிட்டார். எல்லோரும் கத்துகிறார்கள், விசில் பறக்கிறது. எனக்கு இந்தி அரைகுறை, ஆனாலும் கண் கலங்கிவிட்டது. கதைப்படி அது பஞ்சாப் ஸ்டேஷன். எடுத்தது மும்பைக்குப் பக்கத்தில், பன்வேலைத் தாண்டி இருக்கும் ஆப்டா ஸ்டேஷனில் என்று அத்தை மகன் வெளியே வந்து சொன்னான். தாராவியைச் சென்னையில் கட்டியவர்கள் நாம். இதில் நமக்கு என்ன புகார் இருக்க முடியும்!

மறுநாள் காலா கோடாவில் வாட்சன் ஹோட்டல் கட்டடத்தைப் பார்க்கப் போனதும் இந்தத் தியேட்டர் கிளப்பிவிட்ட ஆர்வத்தில்தான். சினிமாவின் முன்னோடிகளான பிரான்ஸின் லூமியர் சகோதரர்களின் படங்களை 1896 ஜூலை 7 அன்று இந்தியாவில் முதன்முதலாகத் திரையிட்ட இடம். டிக்கெட் ஒரு ரூபாய், அன்றைக்கு அது பெரிய தொகை. கொஞ்ச நாளில் காட்சியை நாவல்ட்டி தியேட்டருக்கு மாற்றியபோது நாலணா டிக்கெட்டும் வைத்தார்கள். கூலிக்காரன் படம் பார்க்க வந்தது அந்த நாலணாவால்தான். சினிமா இந்த நாட்டில் எல்லோருக்குமானதாக ஆனதற்கு அந்தக் குறைந்த டிக்கெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். இன்று மால்களில் குடும்பத்தோடு போனால் ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. ரெக்சின் பைக்காரர் அங்கே எப்படிப் போவார்? ஒற்றைத் திரை தியேட்டர்களை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறபோது, பழைய நினைவு போகிறதே என்பதில்லை என் வருத்தம். அவருடைய இருக்கை போகிறது. மும்பை சென்ட்ரல் மாதிரி இடத்தில் நிலத்தின் விலையை நினைத்தால், மராத்தா மந்திர் இத்தனை காலம் நிற்பதே பெரிய காரியம்.

லோக்கல் ரயிலும் அப்படித்தான், குறைந்த டிக்கெட்டால்தான் அது எல்லோருக்குமானது. இரண்டாம் வகுப்பில் குறைந்தபட்சம் 5 ரூபாய், ஏசி லோக்கலில் 35. அத்தை மகன் தானேயில் ஓர் அறையில் நான்கு பேரோடு இருக்கிறான், அதற்கே சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. சீசன் டிக்கெட் மட்டும் மலிவாக இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்திருப்பேன் என்கிறான். காலை ஃபாஸ்ட் ரயிலில் அவனோடு ஏறினேன். கையைத் தூக்க முடியாத நெரிசல். அதற்குள் ஒரு கும்பல் பஜனை பாடுகிறது, தாளத்தோடு. நின்றிருந்த என்னிடமிருந்து பையை, உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்காமலேயே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இறங்கும்போது அவரே எடுத்துக் கொடுத்தார்.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாதர் ஸ்டேஷன் வெளியே வடாபாவ், காய்ந்த பூண்டுச் சட்னியைக் கேட்டு வாங்குங்கள், இருபது முப்பது ரூபாயில் மதியம் தாங்கும். மெரின் லைன்ஸ் பக்கம் 1904-லிருந்து இருக்கும் கியானி ஈரானிக் கடையில் பன் மஸ்கா, வெண்ணெய் தாராளம். கடற்கரைச் சாலையில் கண்ணாடி போட்ட ஒரு கடையில் காபிக்கு 320 ரூபாய் வாங்கினார்கள், காபி ஆறிப்போய் வந்தது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மராத்தா மந்திருக்குப் போகிறவர்கள் பதினோரு மணிக்கே கவுன்ட்டரில் நில்லுங்கள், சில்லறை கையில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காக மெகா பிளாக் என்று சில தடங்களில் ரயிலை நிறுத்திவிடுவார்கள், முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பால்கனியில் நடுவரிசை கேட்டு வாங்குங்கள், விசில் சத்தம் அங்கேதான் நன்றாகக் கேட்கிறது.