மோட்டாரைக் கழட்டாத, எர்த்தைப் பாரு

மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாள் வண்டி நின்றது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் என் டாடா 407 சின்ன லாரிக்கும் வேலை இல்லை. காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றி மாதவரம், செங்குன்றம் பக்கம் இறக்குவதுதான் எங்கள் பிழைப்பு. தடை முடிந்து முதல் படகுகள் திரும்பிய அன்று, விடியற்காலை மூன்று மணிக்கு ஐஸ் கொட்டி, பெட்டி ஏற்றி, சாவியைத் திருப்பினேன். ‘டக்’. அப்புறம் ஒரு முனகல். அவ்வளவுதான். லோடு ஏற்றிய எட்டுப் பேர் தள்ளிவிட்டுத்தான் வண்டி கிளம்பியது.

இது ஐப்பசி மழையிலேயே தொடங்கிய தொல்லை. ஒரு கடையில் பேட்டரி போச்சு என்றார்கள், புதுசு போட்டேன். பத்து நாளில் மறுபடி அதே ‘டக்’. இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கார்பன், புஷ் எல்லாம் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் ஓடியது. இவ்வளவு செலவுக்கும் ஒருவர்கூட வண்டியில் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

கல்மண்டபம் பக்கம் ஒரு பாய் இருக்கிறார். நாற்பது வருடமாக லாரி ஒயரிங் மட்டும்தான் பார்க்கிறார். அன்று மதியம் லோடு இறக்கிவிட்டு அவரிடம் போனேன். வந்ததும் அவர் செய்த முதல் வேலை, ஹெட்லைட்டைப் போடச் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னது. ‘டக்’ என்றபோது லைட் கொஞ்சம்தான் மங்கியது. “பேட்டரி செத்திருந்தா லைட்டு அப்படியே படுத்திடும் தம்பி. கரண்டு இருக்கு, போய்ச் சேரல. மோட்டாரைக் கழட்டாத, எர்த்தைப் பாரு” என்றார். எர்த் என்றால் கரண்டு பேட்டரிக்குத் திரும்புகிற வழி.

நான் டெஸ்ட் லாம்ப் (கரண்டு வருகிறதா என்று பார்க்கிற பல்பு) வைத்துப் பார்த்தேன், நன்றாக எரிந்ததே என்றேன். அதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்குக் கண் திறந்தது. டெஸ்ட் லாம்ப் இழுப்பது ஒன்று, இரண்டு ஆம்பியர். செல்ஃப் இழுப்பது இருநூறுக்கும் மேல். ஒயரில் நாலு இழை மிச்சமிருந்தாலும் பல்பு எரியும், மோட்டார் சுற்றாது. அதனால் செல்ஃப் இழுக்கிற நேரத்தில்தான் அளக்க வேண்டும்.

அளந்த விதத்தை விவரமாகவே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்தோம். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் இருக்க, என் பையன் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினான். மீட்டர் டிசி 20 வோல்ட்டில். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் ஈயக் குமிழ் மேலேயே இருக்க வேண்டும், கிளாம்ப் மேல் வைக்கக் கூடாது. சிவப்பு முனை செல்ஃப் மோட்டார் உடம்பில். சாவி திரும்பும்போது 0.3-க்குள் காட்ட வேண்டிய இடத்தில் 4.1 வோல்ட் காட்டியது! அந்த நாலு வோல்ட் மோட்டாருக்குப் போகாமல் வழியிலேயே சூடாகிப் போகிறது. அப்புறம் சிவப்பு முனையை மட்டும் சேஸிஸுக்கு (வண்டியின் அடி இரும்புச் சட்டத்துக்கு) நகர்த்தினோம்: 0.2. அந்தப் பக்கம் சரி. அப்படியென்றால் சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவில்தான் கோளாறு.

இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்டு போகாது. கியர்பாக்ஸிலிருந்து சேஸிஸுக்குப் போகிற ஒரு பின்னல் பட்டைதான் மொத்தக் கரண்டையும் பேட்டரிக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். அடியில் படுத்துப் பார்த்தேன். மேலே கறுப்பாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விரலால் மடக்கியதும் பொரபொரவென்று பச்சைக் களிம்பு உதிர்ந்தது. பட்டை முனையில் போல்ட் போடுகிற லக்ஸுக்குள் செம்பு மாவாகிவிட்டிருந்தது. நேர் மேலே பார்த்தால், பாடியின் ஐஸ் தண்ணீர்க் குழாய். மீன் பெட்டியிலிருந்து வழிகிற உப்புத் தண்ணீர் வருடக்கணக்காக அந்தப் பட்டை மேல் சொட்டியிருக்கிறது. கடல்காற்று போதாது என்று இது வேறு.

பாய் கிலோமீட்டர் கேபிளை (கியர்பாக்ஸிலிருந்து ஸ்பீடோமீட்டருக்குப் போவது) தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது. பட்டையில் வழியில்லாததால் கரண்டு அதன் இரும்பு உறை வழியாகப் போயிருக்கிறது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் உறை எரிந்திருக்கும்.

அந்தப் பட்டைக்குப் பதிலாக மண்ணடியில் 50 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வெல்டிங் கேபிள் வாங்கினேன். லக்ஸைச் சுத்தியலால் அடிக்காமல் கிரிம்பிங் மெஷினில் அழுத்தச் சொல்லி, மேலே ஸ்லீவ் சுருக்கினோம். பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றிவிட்டு, சேஸிஸில் பெயின்ட், துரு எல்லாம் எமரி போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, போல்ட்டை முறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். சாவியைத் திருப்பியதும் செல்ஃப் சுற்றிய சத்தம் புது வண்டிச் சத்தம். எட்டு மாதமாகக் கேட்காத சத்தம் அது.

ஒரு வாரம் கழித்து இரண்டு முறை சாவி திருப்பியும் சத்தமே வரவில்லை. அது வேறு கோளாறு: இக்னிஷன் சுவிட்ச் தேய்ந்து, செல்ஃபுக்குக் கரண்டை இணைத்துவிடுகிற சாலிநாய்டின் சின்ன ஒயருக்கு எட்டு வோல்ட்தான் வந்தது. ஒரு ரிலே போட்டு, செல்ஃபின் பெரிய போல்ட்டிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராகக் கரண்டு கொடுத்துச் சரிசெய்தோம். அரை மணி நேர வேலை.

ஐஸ் தண்ணீர்க் குழாயை இப்போது ஹோஸ் போட்டு பின் சக்கரத்துக்குப் பின்னால் இறக்கிவிட்டேன். லோடு இறக்கியதும் புது எர்த் கேபிள் மேல் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன். கதவின் உள்பக்கம் தேதியையும், புது கேபிளில் அளந்த வோல்ட்டை ‘எர்த் 0.14’ என்றும் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து ஆயுதபூஜைக்கு முன்னால் அளந்து, பக்கத்திலேயே எழுதுவேன்.