குறிஞ்சி ஆண்டவருக்குப் பறிக்காத பூ

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் பல தடவை போயிருக்கிறேன், ஆனால் குறிஞ்சி பூத்த சமயத்தில் போனது இரண்டே தடவை, 2006இலும் 2018இலும். முதல் தடவை எனக்கு விவரம் போதவில்லை. வள்ளியை மணந்தபோது முருகன் சூட்டியது குறிஞ்சி மாலை என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன், அவனுக்கு இதைவிட என்ன கொண்டுபோவது என்று சரிவில் இறங்கிக் கை நிறைய ஒடித்துப்போய் அர்ச்சகரிடம் நீட்டினேன். 12 வருஷம் காத்திருந்து ஒரே தடவை பூத்து, விதையை உதிர்த்துவிட்டுக் காய்ந்துபோகிற செடி அது என்று அப்புறம்தான் தெரிந்தது. நான் ஒடித்ததெல்லாம் விதையாக வேண்டியவை. ரொம்ப நாள் உறுத்தியது.

2018 செப்டம்பரில் அம்மாவோடு வத்தலக்குண்டு வழியாக மலை ஏறினேன். விட்டுவிட்டு மழை. தனியாகப் பார்த்தால் மணி போலச் சின்னப் பூதான், ஆனால் ஒரு சரிவு முழுக்க ஊதாவும் நீலமுமாகப் பூத்து, வெயில் எட்டிப் பார்த்ததும் தேனீக்கள் வந்து மொய்த்த அந்த இரைச்சலில் எங்களுக்குப் பேச்சே வரவில்லை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ரோட்டோரத்திலேயே கும்பிட்டார்.

கோயில் சின்னது. வெளிநாட்டில் பிறந்து, இந்து சமயத்துக்கு வந்து, இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனை மணந்த லீலாவதி அம்மையார் 1936இல் கட்டியது, இப்போது பழனி தேவஸ்தானத்தின் பொறுப்பில் இருக்கிறது. கடல் கடந்து வந்த ஒருவருக்கு இந்த மலையில் முருகனுக்குக் கோயில் எழுப்பத் தோன்றியதே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

வழியில் குறிஞ்சியைக் கொத்துக் கொத்தாக விற்றுக்கொண்டிருந்தார்கள், அம்மா பர்ஸை எடுத்தார், நான் வேண்டாம் என்று சொல்லி 2006இல் செய்ததைச் சொன்னேன். சரி, அரளி மாலை போதும் என்றார். சன்னதியில் தீபாராதனை காட்டும்போது, உன் பூவை உன் மலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் முருகா என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது மேகம் விலகிக் கீழே தூரத்தில் பழனி மலை தெரிந்தது. அம்மா அதையும் கும்பிட்டுவிட்டு விரலை மடக்கி எண்ணினார். அடுத்த பூப்பு 2030, அப்போது தனக்கு 78, முட்டி வலிக்கு இப்போதே வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார்.