மாது கங்கைப் படகில் ஏறும் முன்
வேலூர் பக்கமிருந்து இலங்கை போகிறவர்கள் தென்மேற்குக் கரையில் இருக்கிற பலப்பிட்டியவில் மாது கங்கை ஆற்றுப் படகுச் சவாரியை விடாதீங்க. பாலாற்றில் மணலையே பார்த்த கண்ணுக்கு விருந்து. காலை 8 மணிக்குள் ஏறிடுங்க. வாடகை ஆளுக்கா, படகுக்கா, எந்தெந்தத் தீவு என்று முன்பே பேசிடுங்க. தகராறு வருவது அங்கேதான். அலையாத்திக் காட்டுக்குள் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்க, பறவை தெரியும். தீவிலுள்ள புத்த விகாரைக்குத் தோளும் முழங்காலும் மூடியிருக்கணும்.

தீவில் இலவங்கப்பட்டை உரிக்கும் வீட்டில் மட்டும் அவசரப்படாதீங்க. மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் தேய்த்துத் தளர்த்தி, உள்பட்டையைக் கீறி எடுப்பார்கள். காய்வது நிழலில்; வெயிலில் போட்டால் கோணிப்போகும். வாங்கும்போது நுனியைப் பாருங்க: சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்குகள் இருக்கணும். தடித்த ஒற்றைச் சுருள் என்றால் அது காசியா என்கிற வேறு வகைப் பட்டை, நம்ம பிரியாணிக்கு அதுவே போதும்! பாதத்தைக் கொறிக்கும் மீன் தொட்டி, சர்க்கரைக்காரர்களுக்கு வேண்டவே வேண்டாம், புண் வந்தால் சீக்கிரம் ஆறாது.