ஒற்றை டிக்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தபோது, கடலோர வட்டம் ஒன்றில் நான் துணை வட்டாட்சியர். கிராம நிர்வாக அலுவலர்களும் வருவாய் ஆய்வாளர்களும் இருந்த வாட்ஸ்அப் குழு என் பொறுப்பில் இருந்தது. மேலிருந்து வருவதை அப்படியே கீழே தள்ளிவிடுவதுதான் அந்தப் பொறுப்பு என்று நினைத்திருந்தேன்.

புயலுக்கு முந்தைய நாள் மட்டும் இருபதுக்கு மேல் தள்ளினேன். பாதி பி.டி.எஃப். கோப்புகள். "பார்வையில் காணும் கடிதத்தின்படி உரிய முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை மேற்கொள்ளுமாறு" என்று தொடங்கும். யார், எத்தனை மணிக்குள், என்ன செய்ய வேண்டும் என்பது மூன்றாம் பக்கத்தில் இருக்கும். அடியில் வரிசையாகக் கும்பிடும் கைகள், "ஓகே சார்"கள். அவற்றைப் பார்த்தே வேலை நடக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

விடிந்ததும் மேலிடம் முகாம் கணக்குக் கேட்டது. ஒரே ஒரு கிராமத்திலிருந்து மட்டும் பதில் இல்லை. அந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலரைப் பெயர் சொல்லியே குழுவில் திட்டினேன். "பொறுப்பில் இருக்கிறீர்களா, தூங்குகிறீர்களா?"

நண்பகலில் அவர் வந்தார். விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி, பாதித் தூரம் நடந்தே வந்திருந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் நோட்டுத் தாள் ஒன்று. குடும்பங்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் எல்லாம் தனித்தனிக் கணக்காக. இரவிலிருந்தே அவர் ஊரில் டவர் இல்லை. என் திட்டை விரலால் அழுத்தி விவரம் பார்த்தேன். படித்தவர்கள் பட்டியல் நீளமாக இருந்தது. போய்ச் சேர்ந்தவர்களில்கூட அவர் பெயர் இல்லை. ஒற்றை டிக் என்பதன் பொருள் எனக்குத் தெரியாததல்ல. பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வயர்லெஸ் கருவியோ உறை போட்டபடி அலுவலக மூலையில் கிடந்தது.

பல நாள் கழித்து அவர் ஊரில் சிக்னல் வந்தது. அந்தத் திட்டுக்குக் கீழே அவரிடமிருந்து ஒரு கும்பிடும் கை வந்தது.

குழுவில் திட்டியதற்குக் குழுவிலேயே மன்னிப்புக் கேட்டேன். எங்கள் துறையில் அது வழக்கமில்லை. இரண்டு நாள் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு உத்தரவுக்கென்று தனிக் குழு தொடங்கினேன். நிர்வாகி மட்டுமே எழுதும் வசதி அந்த ஆண்டுதான் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. பழைய குழு களத்துச் செய்திக்கு. கண்டிக்க வேண்டுமானால் தொலைபேசியில், தனியாக. டவர் போனால் எந்தக் கிராமத்துத் தலையாரி எந்த வழியாக வர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தாளில் எழுதி ஒட்டினோம்.

2020 நவம்பரில் நிவர் புயல் எச்சரிக்கை வந்தபோது நான் அனுப்பியது இவ்வளவுதான்: "மாலை 4 மணிக்குள் கூரை வீடுகளில் இருப்பவர்களைப் பள்ளிக்கு அழைத்து வரவும். எத்தனை பேர், என்ன இல்லை, இரண்டையும் எழுதவும். கும்பிடு வேண்டாம்."

முதல் பதில் அவரிடமிருந்துதான் வந்தது. "62 பேர். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை சார்."